முதல் வேட்டை ரைபிள்: சாவேஜா, ரூகரா, ஹோவாவா, பழைய பிர்னோவா?

குளிர்காலம் நெருங்கினால் தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் பக்கத்துத் துப்பாக்கிக் கடைகளில் நம் ஆட்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை (பின்பூட்டுத் தண்டை) இழுத்துத் தள்ளுகிற, விலை குறைந்த போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்களில் எது தேறும்? சாட்ஸ்வொர்த், டோங்காட் பக்கமிருந்து வருகிற இளைஞர்கள் பலர் அமெரிக்கக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, சாவேஜ் ஆக்சிஸ் அல்லது ரூகர் அமெரிக்கன் என்று ஏற்கெனவே முடிவு பண்ணிக்கொண்டு வருகிறார்கள். அந்த வீடியோக்காரர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அங்கே ஒருவன் மலிவு ரைபிள் வாங்கிப் பிடிக்காமல் போனால், அடுத்த சீசனுக்குள் தள்ளிவிட்டு வேறொன்று எடுத்துக்கொள்வான். நமக்கு அந்த வசதி கிடையாது.

தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டு 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி முதலில் தகுதிச் சான்றிதழ், அப்புறம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனி லைசென்ஸ். கடையில் பணத்தைக் கட்டி, போலீஸ் ஸ்டேஷனில் விண்ணப்பம் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாங்கிய துப்பாக்கி அதுவரை கடைக்காரரின் பெட்டகத்தில் தூங்கும். எப்போதாவது வேட்டைக்குப் போகிறவர் 15ஆம் பிரிவில் நான்கு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. தற்காப்புக்கு ஒன்று வைத்திருந்தால் மூன்றுதான். லைசென்ஸ் ஒருமுறை கிடைத்தால் பத்து வருடம். அதனால் விலையில் மிச்சமாகிற ஆயிரம் இரண்டாயிரம் ரேண்டைப் பத்து வருடத்துக்குப் பங்கிட்டுப் பார்த்துவிட்டு மேலே பேசுவோம்.

ஒப்பிட ஒரு பொது அளவு வேண்டுமே. ஆள்: முதல் ரைபிள் வாங்குகிறவர். இடம்: வடக்கு நட்டாலில் ம்குஸே, பொங்கோலா பக்கத்து முட்புதர்க் காடு. விலங்கு: இம்பாலா, காட்டுப்பன்றி, நியாலா, எப்போதாவது ஒரு வில்டபீஸ்ட். தோட்டா: .308 வின்செஸ்டர். தூரம் பெரும்பாலும் 150 மீட்டருக்குள். இந்த அளவில், குறி துல்லியத்தைப் பற்றி எல்லோரும் போடுகிற சண்டைக்கு அர்த்தமே இல்லை. நல்ல நிலையில் இருக்கும் எந்த ரைபிளும், நல்ல தோட்டா போட்டால், 100 மீட்டரில் மூன்று குண்டையும் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள் போட்டுவிடும். இம்பாலாவின் நெஞ்சுக்கூடு அதைவிடப் பல மடங்கு பெரியது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

சாவேஜ் ஆக்சிஸ்தான் இவற்றில் மலிவு. குழலை ஒரு பெரிய நட்டால் பூட்டி, தோட்டா உட்காரும் இடைவெளியைச் சரியாக அமைக்கிறார்கள். போல்ட்டின் தலை லேசாக அசைந்து தானே பொருந்திக்கொள்ளும். குறைந்த செலவில் துல்லியம் வருவதற்குக் காரணம் இந்த இரண்டும்தான். அமெரிக்காவில் இன்னொரு புகழ்ச்சியும் உண்டு: நட்டைக் கழற்றி வீட்டிலேயே வேறு குழல் மாட்டிக்கொள்ளலாம் என்று. இங்கே குழலுக்கே தனி லைசென்ஸ் வேண்டும். அந்தப் புகழ்ச்சியைக் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள்.

ஆக்சிஸின் பலவீனம் ஸ்டாக், அதாவது குழலைத் தாங்கித் தோளில் அணைக்கிற கட்டை. பிளாஸ்டிக் மெலிசு. கடையில் முன்பகுதியைக் குழலோடு சேர்த்து விரலால் அமுக்கிப் பாருங்கள், வளையும். ரேஞ்சில் மணல் மூட்டைமேல் வைத்துச் சுடும்போது இது தெரியாது. காட்டில் மூன்று கால் தாங்குகம்பில் சாய்த்து, வாரை இறுக்கிப் பிடித்துச் சுடும்போது ஸ்டாக் குழலைத் தொடும், குண்டு இடம் மாறும். முதலில் வந்த ஆக்சிஸின் டிரிகரும் கனமானது, இழுக்க இழுக்கத் தீராது. வாங்குவதாக இருந்தால் அக்யூடிரிகர் (சாவேஜின் நல்ல, கனத்தை மாற்றக்கூடிய டிரிகர்) உள்ள ஆக்சிஸ் 2 மட்டும். ஆனால் அந்த விலைக்கு வந்துவிட்டால் மற்றவை எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

ரூகர் அமெரிக்கன் 2012இல் வந்தது. மலிவு ரைபிள் எப்படி இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள். போல்ட்டில் மூன்று பூட்டுப் பற்கள், அதனால் கைப்பிடியை 70 டிகிரி தூக்கினால் போதும், மேலே மாட்டுகிற ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) கை இடிக்காது. டிரிகரை நாமே மூன்று முதல் ஐந்து பவுண்டு வரை மாற்றிக்கொள்ளலாம். ஸ்டாக்குக்குள் ஆங்கில வி வடிவ எஃகுக் கட்டைகள் இரண்டு, போல்ட் ஓடுகிற உடல்பகுதியான ஆக்‌ஷனைத் தாங்குகின்றன. எடை 2.8 கிலோ சுமார். நாள் முழுக்க நடக்கிறவருக்கு அது பெரிய வரம். ஆனால் எடை குறைந்தால் தோளில் இடி கூடும்; .308இல் தாங்கலாம், 30-06இல் புதியவர் கண்ணை மூடிக்கொண்டு சுட ஆரம்பித்துவிடுவார்.

என் உறுத்தல் சேஃப்டி, தவறி வெடிக்காமல் தடுக்கிற பூட்டு. முதல் தலைமுறை ரூகரில் சேஃப்டி போட்டிருந்தாலும் போல்ட் பூட்டாது. முட்புதர்க்குள் ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும்போது கைப்பிடி கிளையில் மாட்டி மேலே எழுந்துவிடும். அது தெரியாமல் இம்பாலாவைக் குறிபார்த்து அழுத்தினால் சத்தமே வராது. இரண்டாம் தலைமுறையில் மூன்று நிலைச் சேஃப்டி வைத்து இதைச் சரி செய்துவிட்டார்கள். இங்கே பழைய சரக்கும் புது சரக்கும் ஒரே அலமாரியில் இருக்கும். எது என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது ஹோவா 1500. நெசவுத்தறி செய்து தொழில் தொடங்கிய ஜப்பானிய நிறுவனம், அந்த நாட்டு ராணுவத்துக்கும் ரைபிள் செய்து கொடுக்கிறது. இதே ஆக்‌ஷன்தான் அமெரிக்காவில் வெதர்பி வான்கார்டு என்ற பெயரிலும் வந்திருக்கிறது. மலிவு ரைபிள்கள் பலவற்றில் ஆக்‌ஷன் உருண்டைக் குழாய். பின்தள்ளும் விசையைத் தாங்கத் தனியாக ஒரு தகடு வைப்பார்கள். ஹோவாவில் அடித்து உருவாக்கிய ஒரே எஃகில் அந்தத் தாங்கியும் சேர்ந்தே இருக்கிறது, அடிப்பாகமும் தட்டை. ஸ்டாக்கில் அசையாமல் உட்காரும். டிரிகர் இரண்டு கட்டம்: முதலில் மெல்ல நகர்ந்து ஒரு சுவரில் நிற்கும், அப்புறம் சுத்தமாக முறியும். இந்த விலையில் இப்படியொரு டிரிகர் வேறெதிலும் இல்லை என்பது என் கருத்து. சேஃப்டியில் மூன்று நிலை; கடைசி நிலையில் போல்ட் பூட்டிவிடும், நடு நிலையில் சேஃப்டி போட்டபடியே தோட்டாவை வெளியே எடுக்கலாம். பாக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏறும் முன் தோட்டாவை இறக்கு என்று பெரியவர்கள் கத்துவார்கள் அல்லவா, அந்த நேரத்தில் இதன் அருமை தெரியும்.

ஹோவாவின் குறை எடை. ஸ்கோப் இல்லாமலே மூன்றரைக் கிலோவை ஒட்டி வரும். ஸ்கோப், சைலன்சர், தோட்டா எல்லாம் சேர்த்தால் மத்தியானத்துக்குமேல் தோள் முனகும். ரப்பர் பூசிய ஹோக் ஸ்டாக்கின் முன்பகுதியும் அவ்வளவு விறைப்பில்லை; ஆக்சிஸ் அளவுக்கு மோசமில்லை, அவ்வளவுதான்.

நான்காவது ஆளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தாத்தா காலமானபின் குடும்பத்தில் யாருக்கும் வேண்டாம் என்று கடைக்கு வருகிற பழைய ரைபிள்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ 600 வரிசை, அதன் வாரிசான சிஇசட் 550, புளூம்பொன்டைனில் செய்த மஸ்கிரேவ். பிர்னோவில் 600 நீளத் தோட்டாவுக்கு, 601 .308 மாதிரிக் குட்டைத் தோட்டாவுக்கு, 602 எருமை யானைத் தோட்டாவுக்கு. இவற்றில் பெரும்பாலானவை ஜெர்மன் மாசர் ரைபிளின் வழியில் வந்தவை: மேகசினிலிருந்து எழும் தோட்டாவை ஒரு பெரிய நகம் உடனே பிடித்துக்கொள்ளும். பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிப் பாதி இழுத்தாலும் இரண்டு தோட்டா மோதிச் சிக்காது. வால்நட் மரம், எஃகு மேகசின் தட்டு. புதிய ரைபிளில் இதெல்லாம் வேண்டுமென்றால் விலை பட்டியலில் ரொம்ப மேலே போக வேண்டும்.

சரி, ஆபத்து எங்கே? டர்பன் கடற்காற்று. மேலே பளபளவென்று இருக்கும் ரைபிளில், மரத்துக்குள் மறைந்திருக்கும் குழலின் அடிப்பக்கம் துருப்பிடித்துக் குழி விழுந்திருக்கும். ஸ்டாக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம். எனக்கு ஒரு கடையில் இப்படி மறுத்தார்கள், வந்துவிட்டேன். குழல் முனையில் வட்டம் அடிபடாமல் இருக்கிறதா, உள்ளே டார்ச் அடித்தால் வரிகள் கூர்மையாகத் தெரிகின்றனவா, வரிசை எண் தாளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சிஇசட் 550இன் டிரிகரை முன்னால் தள்ளினால் மயிரிழையில் வெடிக்கும் நிலைக்குப் போகும். முதல் இரண்டு சீசனுக்கு அதைத் தொடாமலிருப்பது நல்லது.

என் தேர்வு வரிசை இதுதான். சுத்தமான பிர்னோ 601 கையில் கிடைத்தால் யோசிக்காமல் அது. கிடைக்காவிட்டால், பழசைப் பார்த்து மதிப்பிடத் துணைக்கு ஆள் இல்லாவிட்டால், ஹோவா. ஒல்லியானவர், பெண்கள், மலைப்பக்கம் ஏறி இறங்குகிறவர்களுக்கு இரண்டாம் தலைமுறை ரூகர். ஆக்சிஸை நான் யாருக்கும் தடுக்கமாட்டேன், ஆனால் மிச்சமான பணம் நல்ல ஸ்கோப்புக்குப் போனால் மட்டும். மலிவு ரைபிளில் மலிவு ஸ்கோப் வைத்து வாங்கி, குறி தப்பிக் காயம்பட்ட விலங்கைத் தேடி அலைந்து, அதற்கும் பண்ணைக்காரருக்குப் பணம் கட்டினவர்கள் நம்மில் நிறைய.

தோட்டாவை .308 என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. பொதுவாக ஒரு லைசென்ஸுக்கு 200 தோட்டாவுக்குமேல் வீட்டில் வைக்கக் கூடாது. கண்ட இடத்தில் மொத்தமாக வாங்கி அடுக்கிவைக்க முடியாது. எந்தச் சிறு ஊர்க் கடையிலும் .308 கிடைக்கும். 6.5 கிரீட்மோர் தோளுக்கு இதம், ஆனால் பொங்கோலாவில் சனிக்கிழமை மத்தியானம் தேடிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று: குழல் முனையில் மரை போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சைலன்சருக்கு இங்கே லைசென்ஸ் தேவையில்லை, காதும் பிழைக்கும், இடியும் குறையும். பழைய பிர்னோவுக்கு மரை போடக் கைதேர்ந்த துப்பாக்கித் தச்சரிடம் கொடுக்க வேண்டும், அவரிடமும் வரிசை உண்டு. லைசென்ஸ் வரும் மாதங்களிலேயே அந்த வேலையை முடித்துவைக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் பேசிவிட்டால் ஜூனில் காட்டுக்குப் போகலாம். புரட்டாசி பிறப்பதற்குள் ஃப்ரீசரும் காலியாக வேண்டும் அல்லவா.