எச்சரிக்கை: சர்வர் இரண்டு வாங்கினோம், காப்பி ஒன்றுதான் இருந்தது

நெல்லைப் பக்கம் ஸ்டுடியோ, ஆல்பம் லேப், பிரிண்டிங் பிரஸ் நடத்துகிறவர்கள் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். "ரெண்டு சர்வர் போட்டுத் தாரேன், ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்" என்று யாராவது வந்தால், பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஆள் பெயரைப் போடவில்லை. புகார் போயிருக்கிறது, அது தனியாக நடக்கட்டும்.

வண்ணார்பேட்டையில் எங்கள் ஸ்டுடியோ. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, கீழே இருந்த ஹார்ட் டிஸ்க்குகளை எல்லாம் அள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். கல்யாண வீட்டுக்காரர்களின் படம் போனால் திரும்ப எடுக்க முடியுமா? அதனால் கீழே ஒரு காப்பி, மாடியில் ஒரு காப்பி என்று நிரந்தரமாக ஒரு ஏற்பாடு வேண்டும் என்று முடிவு செய்தோம். தெரிந்த கடைக்காரர் ஒருவர், சர்வர் போட்டுத் தருவார் என்று இந்த ஆளைக் கைகாட்டினார்.

அவர் போட்டது குளஸ்டர்எஃப்எஸ். பல மெஷின்களில் உள்ள டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிரைவாகக் காட்டும் மென்பொருள். நல்ல மென்பொருள்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆனந்த் பாபு பெரியசாமி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்று கேள்விப்பட்டதும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் பில்லில் 'லைசன்ஸ்' என்று ஒரு தொகை இருந்தது, வருடா வருடம் 'கம்பெனி ரினிவல்' வேறு. குளஸ்டர்எஃப்எஸ் இலவச மென்பொருள், இறக்கிப் போட்டுக்கொள்ளக் காசு கிடையாது. 2011-ல் ரெட் ஹாட் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம், அதை உருவாக்கிய குளஸ்டர் கம்பெனியை வாங்கியது. ரெட் ஹாட் விற்றுவந்த வணிகப் பதிப்புக்கான ஆதரவும் 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. அதற்கப்புறமும் எங்களிடம் ரினிவல் கேட்டார்! எந்தக் கம்பெனிக்கு என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். வேலை செய்ததற்குக் கூலி கேட்டால் நியாயம், தாராளமாகக் கொடுக்கலாம். இல்லாத லைசன்ஸுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?

மெஷினுக்கு 4 டிபி டிஸ்க் ஒன்று. எல்லாம் மாட்டி முடித்த அன்று விண்டோஸில் 7 டிபிக்கு மேல் காட்டியது. "பாத்தீங்களா அண்ணாச்சி, எவ்வளவு இடம்!" என்றார் அவர். ஏமாற்று அந்த எண்ணிலேயே இருந்தது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே படம் இருக்கிறது என்றால் ஒரு டிஸ்க்கின் அளவுதான் காட்ட வேண்டும், அதாவது 3.6 டிபி (4 டிபி டிஸ்க்கை விண்டோஸ் அப்படித்தான் காட்டும்). இரண்டும் கூடித் தெரிந்தால் காப்பி ஒன்றுதான். கம்ப்யூட்டர் தெரியாதவரும் பார்க்கக்கூடிய சோதனை இது, இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

குளஸ்டரில் சேமிப்பிடம் ஒவ்வொன்றையும் பிரிக் என்பார்கள். பிரிக்குகளைச் சேர்த்து, ஒரே டிரைவாகத் தெரியும் வால்யூமை உண்டாக்கும் கட்டளையில் 'ரெப்ளிகா' என்று எண்ணோடு சொன்னால்தான் காப்பி எடுக்கும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது 'டிஸ்ட்ரிபியூட்' வகை. ஃபைலின் பெயரை வைத்து ஒரு கணக்குப் போட்டு, இந்தப் படம் இந்த மெஷினுக்கு, அந்தப் படம் அந்த மெஷினுக்கு என்று பிரித்துப் போட்டுவிடும். நிறைய இடம் வேண்டும், பாதுகாப்பு வேறு வழியில் இருக்கிறது என்பவர்களுக்கு அது சரி. நாங்கள் கேட்டது அதுவா?

கீழ் மெஷினின் டிஸ்க் போன அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. ஃபோல்டர்கள் இரண்டு மெஷினிலும் இருக்கும் என்பதால் எல்லா ஃபோல்டரும் அழகாகத் திறந்தது. உள்ளேதான் படங்கள் கலைந்து கிடந்தன. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முந்தைய படம் இருக்கிறது, கட்டும் படம் இல்லை, அடுத்தது இருக்கிறது. எல்லா ஆல்பமும் இதே கதைதான். "ஃபைல் கரப்ட் ஆயிட்டு அண்ணாச்சி, ரெக்கவரி பண்ணணும்" என்று அதற்கும் ஒரு தொகை சொன்னார்.

தென்காசியில் இருக்கும் என் மைத்துனர் சென்னையில் சர்வர் வேலை பார்த்தவர். அவர் வந்து மாடி மெஷினில் 'குளஸ்டர் வால்யூம் இன்ஃபோ' என்று அடித்தார். 'டைப்: டிஸ்ட்ரிபியூட்' என்று வந்தது. பழைய கட்டளைகளின் பதிவைத் திறந்தால், வால்யூம் உண்டாக்கிய வரியில் ரெப்ளிகா இல்லை, கடைசியில் 'ஃபோர்ஸ்' மட்டும் இருந்தது. ஏன் ஃபோர்ஸ் என்றால், ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கும் ரூட் பார்டிஷனிலேயே பிரிக்கை வைத்திருக்கிறார். அப்படி வைக்காதே என்று குளஸ்டரே தடுக்கும். தடுத்ததை மீறத்தான் அந்தச் சொல். படம் நிறைந்தால் சிஸ்டமும் திணறும், டிஸ்க் போனால் மெஷினே எழும்பாது. எங்களுக்கு அதுதான் நடந்தது.

மைத்துனர் இன்னொன்றும் கண்டுபிடித்தார். 'ஆத் அலவ்' என்ற அமைப்பு நட்சத்திரக் குறியிலேயே இருந்தது, அதாவது நெட்வொர்க்கில் உள்ள எந்த மெஷினும் வால்யூமை மவுண்ட் செய்யலாம், தன் டிரைவைப்போல இணைத்துக்கொள்ளலாம். வரவேற்பறையில் வாடிக்கையாளர்களுக்கு வைஃபை கொடுக்கிறோம், அதுவும் அதே நெட்வொர்க்தான்.

வேகக் கதை தனி. ஆரம்பத்திலிருந்தே ஆயிரம் படம் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் டீ குடித்துவிட்டு வரலாம். சொன்னபோதெல்லாம் அந்த ஆள் ராம் போடச் சொன்னார், அப்புறம் புது நெட்வொர்க் சுவிட்ச். இரண்டும் வாங்கினோம். குளஸ்டரின் கேஷ், அதாவது படித்ததைக் கையோடு வைத்துக்கொள்ளும் நினைவிடம், இயல்பாக 32 எம்பி, ராம் கூடினால் அது தானாகக் கூடாது. அதை அவர் தொடவே இல்லை. சொல்லப்போனால் எங்கள் தொந்தரவு அதுவும் இல்லை. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் 'வால்யூம் ப்ரொஃபைல்' கட்டளையை ஓட்டிப் பார்த்ததில் நேரமெல்லாம் படத்தைப் படிப்பதில் போகவில்லை, ஒவ்வொரு ஃபைலும் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே போனது. சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் குளஸ்டர் மெதுவாகத்தான் போகும். பல அமைப்புகளைச் சேர்த்து மாற்றும் 'மெட்டாடேட்டா கேஷ்' என்ற குழு அமைப்பை ஒரே கட்டளையில் போட்டார் மைத்துனர். ஃபைல் விவரத்தை 1 விநாடி மட்டும் நினைவில் வைத்திருந்தது 600 விநாடி வைக்க ஆரம்பித்தது. ஃபோல்டர் இப்போது தாமதமில்லாமல் திறக்கிறது. செலவு ஒன்றும் இல்லை.

விஷயம் தெரிந்துவிட்டது என்றதும் அந்த ஆள், "ரெப்ளிகா ரெண்டு போட்டுத் தாரேன், கூலி மட்டும் குடுங்க" என்றார். இரண்டு காப்பி மட்டும் என்பதிலும் வில்லங்கம் உண்டு. நடுவில் கேபிள் அறுந்தால் இரண்டு மெஷினும் தனித்தனியாக எழுதிவிட்டு, எது சரி என்று தெரியாமல் நிற்கும். ஸ்ப்ளிட் பிரெயின் என்பார்கள். இரண்டு காப்பி வால்யூம் உண்டாக்கும்போது குளஸ்டரே இதைச் சொல்லி எச்சரிக்கும். எது சரி என்று தீர்த்துவைக்க, நடுவர் மாதிரி மூன்றாவதாக ஓர் ஆர்பிட்டர் பிரிக் வேண்டும். அது படத்தை வைக்காது, பெயரும் விவரமும் மட்டும் வைக்கும் என்பதால் ஓரமாகக் கிடந்த பழைய கம்ப்யூட்டரே போதுமாக இருந்தது. இப்போது எங்கள் வால்யூம் இன்ஃபோவில் 1 x (2 + 1) = 3 என்று வருகிறது, அதாவது படம் வைக்கும் பிரிக் இரண்டு, ஆர்பிட்டர் ஒன்று.

யார் போட்டுக் கொடுத்தாலும், கடைசிப் பணம் கொடுக்கும் முன் அவர் கண்முன்னே ஒரு மெஷினின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், எடிட்டிங் சிஸ்டம்கள் இணைந்திருக்கும் மெஷினை விட்டுவிட்டு மற்றதை. எல்லாம் கொஞ்ச நேரம் உறைந்து நிற்கும், பயப்பட வேண்டாம். பதில் வராத மெஷினுக்காகக் காத்திருக்கும் நேரம், பிங் டைம்அவுட் என்பார்கள், இயல்பாக 42 விநாடி. அது முடிந்ததும் எல்லாப் படமும் திறக்க வேண்டும். அந்த 42-ஐ ஐந்து பத்து விநாடியாகக் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நெட்வொர்க் லேசாகத் தடுமாறினாலும் இணைப்பு அறுந்து, திரும்பச் சேருவதற்குள் சர்வர் படாத பாடு படும்.

போன டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பினோம். குளஸ்டர் ஃபைலைத் துண்டு போடாமல் முழுசாகவே வைப்பதால் ஓரளவு படங்கள் நேராகக் கிடைத்தன. மிச்சம் போனது போனதுதான். இரண்டு குடும்பத்துக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

புகாரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வியாபாரத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு சொல்லப் பார்க்கும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் தொழில் என்றால் 2019 சட்டம் உங்களையும் நுகர்வோராகவே பார்க்கிறது. போடும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். கொட்டேஷன், பில், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். எங்கள் கொட்டேஷனில் 'டபுள் காப்பி' என்று அவரே கைப்பட எழுதியிருக்கிறார்.