60,000 ரூபாய் லேன் கேபிள், கேட்டுப் பாத்தாச்சு

மொதல்லயே சொல்லிடறேன், இது என் காசு இல்ல. ஸ்ட்ரீமர் (நெட்லேர்ந்து பாட்ட எடுத்துக் குடுக்கற பொட்டி), ஆம்ப், ஆளுயர ஸ்பீக்கர்னு வீட்டையே ஷோரூம் மாதிரி வச்சிருக்கற ஃப்ரெண்டு ஒருத்தன் வாங்கினது, ஒன்றரை மீட்டர் லேன் கேபிள், வெல 60,000க்கு மேல. ஆமா, ரூட்டர்லேர்ந்து போற அதே லேன் கேபிள்தான். கம்பெனி பேர் வேணாம், இந்த ரேஞ்சுல எல்லாரும் சொல்றது ஒரே கததான். நான் ஆபீஸ்ல டெய்லி கேபிள் கிரிம்ப் பண்ணி ராக்ல சொருகிட்டு இருக்கறவன், அதனால "நீயே வந்து கேளுடா, அப்பறம் பேசு"ன்னு கூப்டான், போனேன்.

சும்மா சொல்லக்கூடாது, பாக்க அழகா இருக்கு. வெல்வெட் போட்ட பொட்டி, கம்பி மேல துணி நெசவு, ரெண்டு பக்கமும் கனமா மெட்டல் பிளக், சொருகினா 'டக்'குனு உக்காருது, நம்ம பிளாஸ்டிக் கிளிப்பாட்டம் ஆறு மாசத்துல ஒடஞ்சு தொங்காது. உள்ள வெள்ளிக் கம்பியாம். அப்பறம் ஒரு அம்புக்குறி, அது ஸ்ட்ரீமர் பக்கம் பாத்துதான் இருக்கணுமாம், திருப்பி மாட்டினா சவுண்ட்ஸ்டேஜ், அதாவது பாட்டு நம்ம முன்னாடி மேடை மாதிரி விரிஞ்சு கேக்கறது, சுருங்கிடுமாம். இங்கதான் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. கிகாபிட் லேன்ல நாலு ஜோடி கம்பிலயும் ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் டேட்டா போகும் வரும், இதுல எந்தப் பக்கம்னு அம்பு போடுவ? இது புது காமெடியும் இல்ல, 2008லயே டெனான் கம்பெனி ஏகே-டிஎல்1னு ஒன்றரை மீட்டர் கேபிள 500 டாலருக்கு விட்டாங்க, அதுலயும் அம்புக்குறி இருந்துச்சு, அமேசான்ல ஜனங்க கிண்டலாவே ரிவ்யூ எழுதித் தள்ளிட்டாங்க.

டேட்டா விஷயத்துக்கு வரேன். சிடி குவாலிட்டி பாட்டு செகண்டுக்கு 1.4 மெகாபிட், 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ்னு போனாலும் 9.2தான். கேபிள் தாங்கறது 1000. வழியில பிட் ஏதாவது கெட்டா செக்சம் (டேட்டாவோட சேந்தே வர்ற சரிபாக்கற நம்பர்) காட்டிக்குடுத்துடும், அந்த பாக்கெட்ட தூக்கிப் போட்டுட்டு ஸ்ட்ரீமர் திரும்பக் கேட்டு வாங்கிக்கும், எல்லாம் பஃபர்ல, அதாவது ஸ்ட்ரீமரோட மெமரில, சேந்து அங்கேர்ந்துதான் பாட்டா வெளிய வருது. அதுவும் அந்தப் பாட்டு எங்கயோ இருக்கற சர்வர்லேர்ந்து கெளம்பி, தெருமொன போஸ்ட்ல ஃபைபர்காரர் டேப் சுத்தி தொங்கவிட்ட பொட்டி வழியா வந்திருக்கு, கடைசி ஒன்றரை மீட்டருக்கு மட்டும் வெள்ளி வேணுமாம். இத வாயால சொல்லிப் பிரயோஜனம் இல்லன்னு பாட்டு ஓடும்போதே கேபிள புடுங்கி அவன் கையில குடுத்தேன். பாட்டு அதுபாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சு! கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் நின்னுச்சு. "இப்ப எந்த வெள்ளி வழியாடா வந்துச்சு"ன்னா மொறைக்கறான்.

அவன் சொன்னதுல ஒண்ணு மட்டும் நியாயம், டேட்டா சரியா வந்தாலும் கம்பி வழியா கரண்ட் நாய்ஸ் ஏறி வரலாம்லன்னான். வரலாம். ஆனா அதுக்குத்தான் லேன் போர்ட்டுக்கு உள்ளயே குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வச்சு ரெண்டு பக்கத்தையும் பிரிச்சு வச்சிருக்காங்க. சொல்லப்போனா ஷீல்டும் மெட்டல் பிளக்கும் போட்ட இந்த மாதிரி கேபிள்தான் ரெண்டு மெஷினோட கிரவுண்டையும் சேத்துவிட்டு இல்லாத 'ஹம்'ம (ஸ்பீக்கர்ல வர்ற 'ம்ம்'ங்கற எரைச்சல) கொண்டு வர வாய்ப்பிருக்கு, ஷீல்டு இல்லாத சாதா கேட் 6ல அந்தத் தொல்லையே கெடயாது.

அப்பறம் அவன் வொய்ஃப ரூட்டர்கிட்ட நிக்க வச்சு, எந்தக் கேபிள்னு சொல்லாம மாத்தச் சொன்னோம் ("அண்ணா, நீங்க மொதல்லயே வந்திருந்தா இந்தக் காசுல ஏசி மாத்திருக்கலாம்"னாங்க பாவம்). அதே பாட்டு, அதே வால்யூம். கேபிள் தெரிஞ்சு கேட்டப்ப "பேஸ் இறுகிடுச்சு, குரல் முன்னாடி வந்துடுச்சு"ன்னவன் தெரியாம கேட்டப்ப சாதா கேபிளத்தான் வெள்ளின்னு சத்தியம் பண்ணான். எனக்கும் ஒரு மண்ணும் தெரியல. 2015ல லாஸ் வேகஸ்ல ஆர்ஸ் டெக்னிக்காங்கற டெக் வெப்சைட்காரங்க சுமார் 340 டாலர் ஆடியோக்வெஸ்ட் வோட்கா லேன் கேபிள வச்சு இப்படித்தான் மறைச்சு மாத்தி மாத்திக் கேக்க வச்சாங்க, அங்கயும் கேட்டவங்களால பிரிச்சு சொல்ல முடியல.

ஆனா அவன் ஸ்பீக்கர் ரெண்டும் செவுத்தோட ஒட்டி இருந்துச்சு, எதிர்ல பெரிய கண்ணாடி ஜன்னல், கீழ வெறும் டைல்ஸ். ஸ்பீக்கர ரெண்டடி முன்னாடி இழுத்து, ஜன்னலுக்கு கனமான ஸ்க்ரீன் ஒண்ண மாட்டினோம், பேஸ் கொழகொழன்னு இருந்தது நின்னுடுச்சு, கிச்சன்லேர்ந்தே அவன் வொய்ஃப் "இப்ப என்ன மாத்துனீங்க"ன்னு கேட்டாங்க.

இவன் இன்னும் மசியல. "பர்ன்-இன் ஆகலடா, கேபிள் பழகி நல்லா பாட 200 மணி நேரம் ஓடணும்னு கார்டுல போட்டிருக்கு"ன்னான். கடை பில்ல எடுத்துப் பாத்தேன், ரிட்டர்ன் 7 நாளைக்குள்ளயாம். ராத்திரி பகலா நிறுத்தாம ஓட்டினாலும் 7 நாளுக்கு 168 மணி நேரம்தான் வருது.