டீசல் இன்ஜினின் கறுத்த ஆயிலும் சி.என்.ஜி. இன்ஜினின் தெளிந்த ஆயிலும்: சில ஆண்டு அனுபவம்

குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் ரப்பர் ஷீட் ஏற்றிச் செல்லும் பி.எஸ்.6 (இந்தியாவின் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் பிக்கப் ஒன்றையும், வீட்டுக்கான சி.என்.ஜி. கார் ஒன்றையும் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். நிறத்தை மட்டும் பார்த்து இன்ஜின் ஆயிலின் நிலையை முடிவு செய்யக் கூடாது என்பதை இரண்டுமே எனக்கு உறுதிப்படுத்தின.

டீசல் இன்ஜினில் புது ஆயில் விரைவிலேயே கறுத்துவிடும். கரித்துகள்களைத் திரள விடாமல் மிதக்க வைக்கும் சேர்மானங்கள் வேலை செய்வதால் வரும் கறுப்பு அது. அதற்காக ஆயிலை மாற்றுவது வீண்செலவு. ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் நான் கவனிப்பது ஆயிலின் அளவைத்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 நடைமுறைக்கு வந்தபின், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியில் சேரும் கரியை எரிப்பதற்காகப் பல இன்ஜின்கள் சிலிண்டருக்குள் கூடுதலாக டீசல் தெளிக்கின்றன. அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்குகிறது. மார்த்தாண்டம் நெரிசலில் குறைந்த தூரமே ஓடிய மாதங்களில் இந்த எரிப்பு பாதியிலேயே நின்றுவிட, ஆயில் மட்டம் மேல் கோட்டை நோக்கி ஏறி, டீசல் வாடையும் வந்தது. ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலி வரை சீராக ஓடிய காலங்களில் அப்படி ஏறவில்லை. டீசல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்குகளைக் காக்காது என்பதால், மட்டம் ஏறினால் கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திராமல் மாற்றிவிடுகிறேன்.

கையேடு சொல்லும் கிரேடில் (தடிப்பு அளவில்), ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வகுத்த சி.கே-4 தர ஆயிலையே ஊற்றுகிறேன். பழைய சி.ஐ-4 விலை குறைவுதான். ஆனால் ஆயில் எரிந்தபின் மிஞ்சும் சாம்பலுக்கு அதில் வரம்பு கிடையாது. சி.கே-4 ஆயிலில் சல்பேட் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வடிகட்டியில் படியும் கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாமல் அதிலேயே தங்கிவிடும்; வடிகட்டியின் விலையை விசாரித்தவர்கள் ஆயிலில் மிச்சம் பிடிக்க மாட்டார்கள்.

சி.என்.ஜி. காரின் கதை நேர்மாறானது. எரிவாயுவில் கரி மிகக் குறைவு என்பதால் ஆயில் நெடுநாள் தேன் நிறத்திலேயே இருக்கும். ஆனாலும் எரிதலின் வெப்பத்தில் உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆயிலோடு வினைபுரிந்து அதைத் தடிப்பாக்குகின்றன, அமிலத்தைக் கூட்டுகின்றன, பிஸ்டனில் வார்னிஷ் போன்ற படிவை உண்டாக்குகின்றன. அமிலத்தை எதிர்க்கும் காரச் சேர்மானமும் தீர்ந்துகொண்டே போகிறது. இவை எதுவும் டிப்ஸ்டிக்கில் தெரியாது. எனவே, “ஆயில் சுத்தமாகத்தானே இருக்கிறது, இன்னும் ஓட்டலாம்” என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னாலும், கையேடு குறிப்பிடும் தூரம் அல்லது காலம், எது முந்துகிறதோ அதில் ஆயிலையும் பில்டரையும் சேர்த்தே மாற்றச் சொல்கிறேன்.