நியூசிலாந்தில் கேம்பர் வேன் எடுக்கிறீர்களா? கூரையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

கடந்த மே மாதம் நியூசிலாந்தின் வடக்குத் தீவில், கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்து எட்டு நாள் சுற்றினோம். நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள், 67 வயது அம்மா. ஆக்லாந்தில் வண்டியை எடுத்து வெல்லிங்டனில் விடுவதாக ஏற்பாடு. ஊர் அற்புதமான ஊர், அதில் எனக்குக் குறையே இல்லை. வண்டி கொடுத்தவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எங்கே எடுத்தாலும் நீங்கள் பார்க்க வேண்டியவை இவைதான்.

டெப்போவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலேகால். நாலரைக்கு மூடிவிடுவார்கள். கவுன்டரில் இருந்த பையன் அடுப்பு, ஃப்ரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி எல்லாவற்றையும் ஆறு நிமிடத்தில் காட்டி முடித்தான். பிறகு ஒரு படிவம். வண்டியின் முன்புறம், பின்புறம், இடது, வலது என்று நான்கு படங்கள். எங்கெங்கே கீறல் இருக்கிறதோ அங்கே வட்டம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். நானும் மனைவியும் சுற்றிவந்து ஏழு கீறல்களைக் குறித்தோம், படமும் எடுத்தோம். கவனமாகத்தான் செய்தோம் என்று நினைத்தேன். அந்தப் படிவத்தில் கூரைக்கு ஒரு படம் இல்லை என்பது அப்போது உறைக்கவே இல்லை.

முதல் இரவு கேம்பிரிட்ஜ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஹாலிடே பார்க்கில், அதாவது கட்டணம் கட்டி வண்டியை நிறுத்தித் தங்கும் இடத்தில் தங்கினோம். நள்ளிரவு தாண்டி நல்ல மழை. ஒரு மணி இருக்கும், அம்மா என்னை எழுப்பினார்.

“ஏம்ப்பா, தலைமாட்டுல தண்ணி சொட்டுதுப்பா.”

பின்பக்கக் கட்டிலுக்கு மேலே இருந்த கூரை ஜன்னலின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. தலையணை நனைந்துவிட்டது. கீழே பாத்திரம் வைத்து, அம்மாவை முன்பக்கம் மாற்றிப் படுக்கவைத்தோம். எட்டு டிகிரி குளிரில் ஈர மெத்தையோடு அந்த இரவு போனது. விடிந்ததும் நிறுவனத்துக்கு ஃபோன் செய்தேன். “ஜன்னலை இறுக்கி மூடுங்கள், ஒரு டவலை மடித்து வையுங்கள். வெல்லிங்டனில் விடும்போது சொல்லுங்கள், பார்த்துக்கொள்கிறோம்” என்றார்கள். நான் சரி என்று வைத்துவிட்டேன். ஒரு மின்னஞ்சல் அனுப்பவில்லை. நான் செய்த மிகப் பெரிய தவறு அதுதான்.

அடுத்தது கழிப்பறை. விளம்பரத்தில் ‘செல்ஃப் கன்டெயின்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். தண்ணீர், கழிப்பறை, கழிவுநீர்த் தொட்டி எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். இப்படிச் சான்று பெற்ற வண்டி என்றால், அனுமதி உள்ள பொது இடங்களில் இரவு இலவசமாக நிறுத்தித் தூங்கலாம். நாங்கள் இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். ஆனால் 2023-ல் சட்டம் மாறிவிட்டது. கழிப்பறை வண்டியோடு பொருத்தப்பட்டதாக இருக்க வேண்டும், கட்டிலை விரித்த பிறகும் உள்ளிருந்தபடியே அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். புதிய சான்றுக்குப் பச்சை நிற அட்டை. எங்கள் வண்டியில் இருந்தது கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்த ஒரு கையடக்கப் பெட்டி. முன் கண்ணாடியில் ஒட்டியிருந்தது பழைய நீல ஸ்டிக்கர். டவுப்போ ஏரிக்கரையில் நிறுத்தியபோது பக்கத்து வண்டிக்காரர் ஒருவர்தான் நல்ல மனதோடு வந்து சொன்னார்: “இதை வைத்துக்கொண்டு இங்கே தூங்காதீர்கள், நூற்றுக்கணக்கான டாலர் அபராதம் வரும்.” ஆக எல்லா இரவும் ஹாலிடே பார்க்குக்குப் பணம் கட்டித்தான் தங்கினோம்.

நடுவில் சந்தோஷமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். திராவ் என்ற சின்ன ஊரில் நெளிதகரத்தாலேயே கட்டிய மாபெரும் நாய், அதற்குப் பக்கத்திலேயே செம்மறியாடு. இரண்டும் உள்ளே நுழைந்து நடக்கக்கூடிய கட்டடங்கள்! தைஹாப்பேயில் அதே நெளிதகரத்தில் ஒரு பெரிய கம்பூட், அதாவது ரப்பர் பூட்ஸ். புல்ஸ் என்ற ஊரில் கடைக்குக் கடை ஊர்ப் பெயரை ஒரு சொல்லுக்குள் நுழைத்துப் பலகை வைத்திருக்கிறார்கள், காவல் நிலையத்தில்கூட ‘கான்ஸ்டபிள்’ என்பதை ‘Const-a-bull’ என்று எழுதியிருக்கிறார்கள். மகள் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள்.

ஓஹாகுனேயில்தான் எங்களைக் காப்பாற்றிய படம் கிடைத்தது. அந்த வட்டாரம் கேரட் விளையும் பூமி. ஊர் எல்லையில் ஏழரை மீட்டர் உயரத்தில் ஒரு கேரட் நிற்கிறது. ஒரு வங்கியின் தொலைக்காட்சி விளம்பரத்துக்காகச் செய்து, 1984-ல் அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. அதைச் சுற்றிக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பூங்கா. மகள் ஏறுகம்பிகளின் உச்சிக்குப் போய், கேரட்டையும் எங்கள் வண்டியையும் சேர்த்து ஒரு படம் எடுத்தாள். அன்றைக்கு அதை யாரும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

வெல்லிங்டனில் வண்டியை விட்டபோது சோதிக்க வந்தவர் ஏணியோடு வந்தார். கொடுக்கும்போது ஏணி இல்லை, வாங்கும்போது ஏணி! நேராகப் பின்பக்கம் சாய்த்து ஏறினார், கூரை ஜன்னலுக்குப் பக்கத்தில் விரிசல் என்றார். மரக்கிளையில் உரசியிருக்கிறீர்கள், 1,850 நியூசிலாந்து டாலர் கட்ட வேண்டும் என்றார். மழைநீர் ஒழுகியதையும் ஃபோனில் சொன்னதையும் விளக்கினேன். “எங்கள் பதிவில் அப்படி எதுவும் இல்லை” என்றார். முழு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறேனே என்றதற்கு ஒப்பந்தத்தின் பதினோராவது பக்கத்தைக் காட்டினார். கூரையும் வண்டியின் அடிப்பாகமும் அதில் சேராது.

இது இந்த ஒரு நிறுவனத்தின் வழக்கம் மட்டும் இல்லை. ‘கையிலிருந்து ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம்’ என்று விற்கிற திட்டங்களிலும் பெரும்பாலும் கூரை, அடிப்பாகம், தவறான எரிபொருள், தண்ணீரில் இறக்கியது ஆகியவை விலக்குதான். நைன்ட்டி மைல் பீச், ஸ்கிப்பர்ஸ் ரோடு போன்ற இடங்களுக்கு ஓட்டிப்போனாலே காப்பீடு செல்லாது என்று பல ஒப்பந்தங்களில் பெயர் போட்டே எழுதியிருப்பார்கள். கூரைக்குத் தனியாகக் காப்பீடு கிடைக்குமா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

அதோடு டீசல் வண்டிக்கான சாலைப் பயன்பாட்டுக் கட்டணம். நியூசிலாந்தில் பெட்ரோலுக்கு வரியை விலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். டீசல் வண்டிக்கு ஓடிய கிலோமீட்டருக்குத் தனியாகக் கட்ட வேண்டும். மூன்றரை டன்னுக்கு உட்பட்ட வண்டிக்கு அரசு வாங்குவது 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர். நாங்கள் ஓட்டியது 1,140 கிலோமீட்டர், கணக்குப்படி 87 டாலருக்குள் முடிந்திருக்க வேண்டும். இவர்கள் 100 கிலோமீட்டருக்கு 12 டாலர் என்று 136.80 எடுத்தார்கள். நாள் வாடகை மலிவாகத் தெரிகிறதே என்று பார்க்கும்போது இதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

பிணைத்தொகை 5,000 டாலர். கார்டில் அந்தத் தொகையை வெறுமனே தடுத்து வைப்பார்கள் என்று நினைத்தேன், முழுவதையும் எடுத்தேவிட்டார்கள். திரும்ப வந்தது 3,013.20.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மகள் அந்தக் கேரட் படத்தை மடிக்கணினியில் பெரிதாக்கிக் காட்டினாள். கூரை ஜன்னலின் மூலையில் ஒரு விரற்கடை அகலத்துக்கு சீலன்ட் என்ற அடைப்புப் பசை பூசிய கோடு. வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது அழுக்கேறிச் சாம்பல் நிறமாகியிருந்தது. அதன் ஓரம் நெடுகப் பச்சைப் பாசி. யாரோ எப்போதோ உடைத்து, யாரோ பூசி மறைத்த விரிசல் அது. மூன்று நாளில் பாசி பிடிக்குமா?

படம், ஃபோன் அழைப்புப் பட்டியல், நனைந்த மெத்தையை மனைவி எடுத்த படம் எல்லாவற்றையும் இணைத்து எழுதினேன். 1986-ம் ஆண்டின் நியாய வர்த்தகச் சட்டத்தையும் 1993-ம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டத்தையும் குறிப்பிட்டேன். அந்த ஊரில் ‘டிஸ்ப்யூட்ஸ் ட்ரிப்யூனல்’ என்று ஒரு தீர்ப்பாயம் உண்டு. வக்கீல் தேவையில்லை, ஆன்லைனிலேயே மனுப் போடலாம். அங்கே போவேன் என்றும் எழுதினேன். கூடவே என் வங்கியில் கார்டு புகாரும் கொடுத்தேன். முதல் பதில், ‘மூன்றாம் நாள் எடுத்த படம் எதையும் நிரூபிக்காது’. பாசியை வட்டம் போட்டு மறுபடி அனுப்பினேன். ஒன்பது வாரம் கழித்து, ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்ற ஒற்றை வரியோடு 1,850 டாலர் திரும்பி வந்தது. தவறு என்று ஒரு வார்த்தை இல்லை. வெளிநாட்டு நாணயக் கட்டணமாகக் கார்டில் போன ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போனது போனதுதான்.

நீங்கள் போனால் மதியத்துக்குள் டெப்போவில் இருங்கள். ஏணி கேளுங்கள், தரமாட்டோம் என்றால் செல்ஃபி குச்சியில் ஃபோனை மாட்டிக் கூரையை வீடியோ எடுங்கள், அடிப்பாகத்தையும் எடுங்கள். அதை அங்கேயே நின்று அவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பச்சை அட்டை இருக்கிறதா, தேதி முடியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வழியில் எது பழுதானாலும் ஃபோனில் பேசிய கையோடு எழுத்திலும் தெரிவித்துவிடுங்கள்.

சாலைக் கட்டணத்தில் கூடுதலாக எடுத்த 50 டாலருக்கு இன்னும் பதில் இல்லை. மூன்றாவது மின்னஞ்சல் நேற்று அனுப்பியிருக்கிறேன்.