பிரஸ் வாங்கும்போது வடிவத்தை அப்புறம் பாருங்கள்

டார்ச் சுடரில் கண்ணாடி மணி செய்கிறவர்கள் பிரஸ் (சூடான கண்ணாடியை இரண்டு பாதிகளுக்கு நடுவில் அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு) வாங்கப் போனால் வடிவத்தில்தான் முதலில் மயங்குவார்கள். நானும் அப்படித்தான், ஒரே கட்டையில் ஐந்து குழிகள் இருந்த அலுமினிய பிரஸை வாங்கினேன். உருப்படியாகப் பயன்பட்டது ஒரே ஒரு குழி.

அதில் சொதப்பல் பின்களில். மேல்பாதியையும் கீழ்பாதியையும் நேராக நிறுத்த வேண்டிய பின்கள் குட்டை, அதுவும் தளர்வு. அழுத்தும் நொடியில் மேல்பாதி துளி நகர்ந்து மணியின் இடுப்பில் படி மாதிரி விளிம்பு விழுந்துவிடும். அதைச் சுடரில் உருக்கிச் சரிசெய்யப் போனால் வடிவமே போய்விடுகிறது, பிறகு பிரஸ் எதற்கு?

அடுத்து வந்தது பித்தளை லென்டில், அதாவது பருப்பு வடிவம். நல்ல கனம், அந்தக் கனமே பாதி வேலையைச் செய்கிறது. மாண்ட்ரல் (உருகிய கண்ணாடியைச் சுற்றி மணி கட்டும் கம்பி) உட்காரும் பள்ளம் 2.4 மி.மீ. கம்பிக்குக் கச்சிதம். இதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: 1.6 மி.மீ. கம்பியை அதே பள்ளத்தில் வைத்தால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், துளை நடுவில் வராது. தடித்த கம்பி வைத்தாலோ பிரஸ் மூடவே மூடாது.

மணியின் மேல் சுருக்கம் விழுகிறதே என்று பிரஸைத் திட்டாதீர்கள். உலோகம் சூட்டை உறிஞ்சினால் மேல்தோல் சட்டென்று குளிரும், அவ்வளவுதான். சுடரில் லேசாகக் காட்டினால் மறைந்துவிடும். பிரஸைச் சூளை மேல் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் இன்னும் குறையும். ஆனால் கண்ணாடி தகதகவென்று இருக்கும்போதே அழுத்தினால் பித்தளையில் ஒட்டும், ஒளி கொஞ்சம் மங்கட்டும். லென்டிலின் விளிம்பு மெல்லியது, சீக்கிரம் ஆறி விரிசல் விடும், அதனால் சூளைக்குப் போகும் முன் விளிம்பைச் சுற்றிச் சூடு காட்ட மறக்க வேண்டாம்.

கிராஃபைட் பிரஸில் கண்ணாடி அவ்வளவாக ஒட்டாது, சுருக்கமும் குறைவு. கைதவறி விழுந்தால் மூலை போச்சு.

எந்தப் பிரஸானாலும் கண்ணாடியின் அளவுதான் தலைவலி. கூடினால் ஓரம் பிதுங்கும், குறைந்தால் ஓரம் நிரம்பாது. நான் குழியை விளையாட்டுக் களிமண்ணால் நிரப்பி, அதே களிமண்ணை ஒரு மாண்ட்ரலில் உருளையாக உருட்டி நீளத்தையும் தடிமனையும் குறித்துவைத்தேன். சுடரில் அதே அளவு உருளை கட்டி அழுத்தினால் பெரும்பாலும் சரியாக வருகிறது. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் நடுத்தர அளவுப் பித்தளை லென்டில், நீளமான பின்களோடு. ஐந்து குழி அலுமினியம் இப்போது என் மேஜையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.