வைட்டமின் டி: தினமும் துளியா, ஒரேயடியாக மொத்தமா?

கொரோனா நாட்களில் மளமளவென்று விழுங்கிய ஜிங்க்கையும் வைட்டமின் சி-யையும் பலர் மறந்தாயிற்று. வாரம் ஒன்று போடுகிற '60,000 யூனிட்' வைட்டமின் டி மட்டும் பல வீடுகளில் தங்கிவிட்டது. கேட்டால், "சளி, காய்ச்சல் அண்டாது" என்கிறார்கள். எலும்புக்கு வைட்டமின் டி வேண்டும் என்பதில் தகராறே இல்லை. வைரஸைத் தடுக்குமா என்பதில்தான் இழுபறி.

முதலில் மொத்த டோஸ். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் ஆரோக்கியமான 322 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு முதல் இரண்டு மாதம் தலா 2 லட்சம் யூனிட், பிறகு மாதம் ஒரு லட்சம் என்று ஒன்றரை வருடம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 2012-ல் வெளிவந்த முடிவு: வைட்டமின் எடுத்தவர்களுக்கு ஆளுக்குச் சராசரியாக 3.7 தடவை சளி, வெறும் மாத்திரைக்காரர்களுக்கு 3.8. பிரேசிலில் கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்கு ஒரே தடவையில் 2 லட்சம் யூனிட் கொடுத்தும் படுக்கை நாட்கள் குறையவில்லை. திடீரென்று இவ்வளவு உள்ளே போனால், உடல் அதைச் சிதைக்கிற நொதியை முடுக்கிவிடுகிறது என்பது ஒரு விளக்கம்.

கிறைஸ்ட்சர்ச்காரர்களுக்கு ஆரம்பத்திலேயே ரத்தத்தில் மில்லிக்குச் சராசரி 29 நானோகிராம் வைட்டமின் டி இருந்தது. நிறைகுடத்தில் ஊற்றினால் வழியத்தானே செய்யும்? அதனால்தான் மங்கோலியாவையும் பார்க்க வேண்டும். 2009 குளிர்காலத்தில் உலான்பாதர் பள்ளிப் பிள்ளைகள் 247 பேருக்கு நடந்த சோதனை அது. அவர்களிடம் இருந்தது வெறும் 7 நானோகிராம். பாலில் தினமும் 300 யூனிட் கலந்து கொடுத்த பிள்ளைகளுக்குச் சளித்தொல்லை ஏறக்குறைய பாதியானது. எத்தனை தடவை சளி என்று கணக்குச் சொன்னது பெற்றோர், பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைவு. அதை மறக்கக் கூடாது. ஆனாலும் தினசரிச் சிறு டோஸுக்கு இதைவிட நல்ல சாட்சி என் கண்ணில் படவில்லை.

2017-ல் 25 சோதனைகளைச் சேர்த்து அலசியபோதும் இதே சாயல்தான். தினமோ வாரமோ சிறிது சிறிதாக எடுத்தவர்களுக்குப் பலன், அதிலும் கடும் குறைபாடு உள்ளவர்களுக்கு அதிகம். மொத்தமாக எடுத்தவர்களுக்கு இல்லை. ஒரே தடவையில் 30,000 யூனிட்டோ அதற்கு மேலோ போனால் அங்கே அது மொத்த டோஸ். நம்மூர் 60,000 எந்தப் பக்கம் என்று சொல்லவே வேண்டாம்.

பிறகு சிறு டோஸும் அடி வாங்கியது. நார்வேயில் 34,601 பேர். ஒரு பாதி குளிர்காலம் முழுக்க தினமும் 5 மில்லி காட் மீன் ஈரல் எண்ணெய் குடித்தது, அதில் 400 யூனிட். மறுபாதிக்கு மக்காச்சோள எண்ணெய். கொரோனாவும் பிற சளித்தொற்றும் இரு பக்கமும் ஒரே அளவு. பிரிட்டனில் 6,200 பேர் சோதனையிலும் தினம் 800, 3,200 என்று இரண்டு அளவு கொடுத்துப் பார்த்தும் வித்தியாசமில்லை. 2017 அலசலை 2025-ல் புதுப்பித்தபோது, பலன் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தது. குறைபாடு உள்ளவர்களுக்கு அதிகம் என்ற வேறுபாடும் துலங்கவில்லை.

மூன்றாவது வழி, வெயில். காசில்லை, தோலே மிகுதியை அழித்துவிடுவதால் அளவு மீறவும் வழியில்லை. ஆனால் எல்லோரும் புகழும் இளங்காலை வெயில் இதற்கு அவ்வளவாக உதவாது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில் வேண்டும். கறுத்த தோலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஒன்றுமே சேராது.

என் தேர்வைக் கேட்டால்: சளிக்காக என்று எதையும் வாங்க மாட்டேன். பரிசோதனையில் குறைவு என்று வந்தால், எலும்புக்காகத் தினசரிச் சிறு டோஸ். சளி குறைந்தால் அது கொசுறு. வீட்டில் வயதானவரோ சர்க்கரை நோயாளியோ இருந்தால், அந்தக் காசை முதலில் வருடாந்திர ஃப்ளூ தடுப்பூசிக்குக் கொடுப்பேன். மருத்துவர் எலும்புக்காக 60,000 எழுதியிருந்தால் அது வேறு கணக்கு. எத்தனை வாரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒன்றை நாளுக்கு ஒன்றாக்கிவிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், வாந்தி வரும், சிறுநீரகமே கெட்டுப்போகலாம்.