மெழுகு கியூரிங் காம்பவுண்ட்: 30×40 மனையில் வீடு கட்டுகிறவர் வாங்கலாமா?

கியூரிங் என்பது புதுக் கான்கிரீட்டைக் காயவிடாமல் ஈரமாக வைத்து வலிமை ஏறவிடுவது; அதற்குத் தண்ணீர் ஊற்றுவதற்குப் பதிலாகத் தெளிப்பதுதான் இந்தக் காம்பவுண்ட். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பீம் பக்கவாட்டு, சன்ஷேடு, காம்பவுண்டு சுவர், கார் நிறுத்தும் தரை ஆகியவற்றுக்குத் தாராளமாக வாங்கலாம். மொட்டைமாடித் தளத்துக்கு வேண்டாம்.

20 லிட்டர் கேனில் வருவது வெள்ளை நிறமி கலந்த மெழுகுக் குழம்பு. தெளிக்கும்போது பால் மாதிரி இருக்கும், காய்ந்ததும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். இது கான்கிரீட்டுக்குப் புதிதாக ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்காது. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகாமல் மூடிவைக்கும், அவ்வளவுதான். நீர்-சிமெண்ட் விகிதம் 0.5 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர். அந்தச் சிமெண்ட் முழுதாக வினைபுரிய ஏறக்குறைய 21 லிட்டர் போதும். ஆகவே வீடுகளுக்கு வழக்கமான எம்20 தரக் கான்கிரீட் கலவையில், போட்ட தண்ணீரைக் காப்பாற்றினாலே வலிமை ஏறும். விகிதம் 0.4-க்குக் கீழே போகும் உயர்தரக் கலவையில் இந்தக் கணக்கு உதவாது. அது உள்ளுக்குள்ளேயே வறளும், வெளியிலிருந்து தண்ணீர் குடிக்கும். அதன்மேல் மெழுகைப் பூசினால் குடிக்கிற வாயை அடைத்த கதைதான்.

கான்கிரீட்டின் உள் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வினை கிட்டத்தட்ட நின்றுவிடும். 7 நாளில் வருவது 28 நாள் வலிமையில் மூன்றில் இரண்டு பங்குதான், நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டில் அந்தச் சாம்பல் மெதுவாக வேலை செய்வதால் இன்னும் குறையும். அதனால்தான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வறண்ட வெயிலில் 10 நாள் என்று சொல்லிவிட்டு, சாம்பல் கலந்தவற்றுக்கு 14 நாள் பரிந்துரைக்கிறது. இன்ஜினியர் ஒப்புக்கொண்டால் தண்ணீருக்குப் பதில் கியூரிங் காம்பவுண்ட் பூசவும் அதே விதி இடம் கொடுக்கிறது.

பெரும்பாலும் சொதப்புவது தெளிக்கும் நேரத்தில்தான். கான்கிரீட் போட்டபின் மேலே கசிந்து நிற்கும் நீரின் பளபளப்பு மறைய வேண்டும்; விரலால் தொட்டால் ஈரம் ஒட்டக்கூடாது. அதுதான் நேரம். பெங்களூரு மார்ச் மாத மதியத்தில், காற்றும் சேர்ந்தால், அந்த நேரம் சட்டென்று வந்து போய்விடும். முந்தினால் படலத்தில் ஊசித்துளைகள் விழும், இல்லாவிட்டால் உரிந்து வரும். பிந்தினால் மேற்பரப்பு மெழுகை உறிஞ்சிக்கொள்ளும், படலமே உருவாகாது. “காலையில அடிச்சுக்கலாம் சார்” என்று மேஸ்திரி சொன்னால் விடாதீர்கள். இரவோடு இரவாகப் போன ஈரத்தை மறுநாள் படலம் திருப்பித் தராது. பலகை பிரித்த பக்கங்களில் உடனே தண்ணீர் அடித்து, சொட்டு நீர் வடிந்து பரப்பு ஈரமாக மட்டும் இருக்கும்போது தெளிக்கவும்.

அளவு, லிட்டருக்கு 5 சதுர மீட்டர். மருந்தடிக்கும் கைப்பம்பே போதும். அந்த அளவை இரண்டாகப் பிரித்து, முதல் கை நீளவாக்கில், இரண்டாவது கை குறுக்குவாக்கில் அடிக்க வேண்டும். கேனை நன்றாகக் கலக்காவிட்டால் நிறமி அடியிலேயே தங்கிவிடும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்புவதோடு, விட்டுப்போன இடத்தையும் காட்டிக்கொடுக்கும். தண்ணீர் சேர்த்து நீட்டுவதுதான் சைட்டில் நடக்கும் பெரிய திருட்டு. கலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அடுத்த மாடிக்கு நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பிகளைப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிடவும். கம்பியில் மெழுகு பட்டால் கான்கிரீட் பிடிக்காது.

மாடித் தளத்துக்கு ஏன் வேண்டாம்? தளம் 1,000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு கேன் அடங்கிவிடும். செலவிலும் தண்ணீரிலும் லாபம்தான். ஆனால் அதே தளத்தின்மேல் பிறகு வாட்டர்ப்ரூஃபிங்கும் டைல்ஸ் சாந்தும் வரப்போகிறது. மெழுகு இருந்தால் இரண்டும் ஒட்டாது, சுரண்டி எடுப்பதும் லேசில்லை. தூணுக்கும் இதே கதை: சிமெண்ட் பூச்சுக்கு முன் கொத்துவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தே ஆக வேண்டும். அதைவிடத் தூணில் ஈரச் சாக்கைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் கட்டுவது மலிவு.

மாடித் தளத்துக்கு வழக்கமான வழியே நல்லது: மேலே சாந்தால் வரப்பு வைத்துப் பாத்தி கட்டி 2.5 செ.மீ. தண்ணீர் நிறுத்த 2,300 லிட்டர் வேண்டும். கோடையில் நாளொன்றுக்கு 6 முதல் 8 மி.மீ. ஆவியாகும் என்றால் 14 நாளுக்கு மொத்தம் 12,000 லிட்டரை ஒட்டி வரும். பாத்தி கசியாவிட்டால் ஒரு பெரிய டேங்கரோடு முடிகிற விஷயம். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் கட்டுமானத்துக்குக் குடிநீரைத் தடைசெய்து 5,000 ரூபாய் அபராதம் விதித்ததை மனதில் வைத்து, சுத்திகரித்த கழிவுநீரையோ போர்வெல் தண்ணீரையோ பரிசோதித்துப் பயன்படுத்தலாம்.

வாங்கும்போது, கியூரிங் காம்பவுண்டுக்கான அமெரிக்கத் தரவிதியான ஏ.எஸ்.டி.எம். சி309 சோதனைச் சான்றைக் கேளுங்கள். 72 மணி நேரத்தில் சதுர மீட்டருக்கு 0.55 கிலோவுக்குமேல் ஈரம் இழக்கக்கூடாது என்பதே அதன் வரம்பு. பதிலுக்கு 28 நாள் கியூப் (வலிமை பார்க்க வார்க்கும் கான்கிரீட் கட்டி) ரிசல்ட்டைக் காட்டினால் அது சான்றாகாது. கியூப் லேபில் 27 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் கிடந்தது, உங்கள் பீமோ வெயிலில் நிற்கிறது. கேனில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். தெளித்த தரையில் செங்கல் அடுக்கவோ முட்டுக்கம்பை இழுக்கவோ விடாதீர்கள். படலம் கிழிந்த இடத்தில் அன்றைக்கே மறுபடி அடிக்க வேண்டும்.